அலைத்தடுப்பில் உடைத்த தேங்காய்

பத்து மணிக்குக் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் அந்த வெள்ளைக்காரப் பெண். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பத்துதான் ஆகியிருந்தது. அய்யாவு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். முழுக்கச் சாய்ந்தால் கோட்டின் முதுகு கசங்கிவிடும், கசங்கின கோட்டோடு போய் நின்றால் நடுவர்கள் மூன்று பேரும் என்ன நினைப்பார்கள், ஒரு நாட்டின் அதிகாரி இப்படியா வருவான் என்று நினைப்பார்கள், நினைக்கட்டுமே, கோட்டைப் பார்த்தா தீர்ப்பு எழுதப்போகிறார்கள், ஆனாலும் நுனியிலேயேதான் உட்கார்ந்திருந்தான். ஹேக் நகரத்து மழை, ட்ராமைவிட்டு இறங்கி வாசலுக்கு வருவதற்குள் காலுறைக்குள் போய்விட்டிருந்தது. சன்னலடியில் சுவரோடு சுவராக ஒரு இரும்புக் கணப்பு. வலது கெண்டைக்காலில் மட்டும் அதன் சூடு, இடது கால் ஐஸ். எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டால் இரண்டு காலுக்கும் கிடைக்கும். திருப்பவில்லை. திருப்பும்போது யாராவது வந்துவிட்டால். வாசலிலிருந்து இந்த அறைக்கு நூற்று நாற்பத்தாறு காலடி. எண்ண வேண்டும் என்று அவன் எண்ணுவதில்லை, அது தானாக ஓடும், உள்ளே யாரோ உட்கார்ந்து மணி உருட்டுகிற மாதிரி. சின்ன வயதில் கரும்புத் தோட்டத்து வழியே பள்ளிக்கூடம் போகும்போது கரும்புக்குள்ளிருந்து ஏதாவது பாய்ந்துவிடும் என்ற பயத்தில் எண்ண ஆரம்பித்தது. பயம் எப்போதோ போய்விட்டது, எண்ணிக்கை தங்கிவிட்டது. கோயில் பிராகாரம், அமைச்சகத்து மாடிப்படி, மகள் பிறந்த ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தா, எல்லாவற்றுக்கும் அவனிடம் எண் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. மனைவிக்குக்கூடத் தெரியாது. சொன்னால் சிரிப்பாள், அப்புறம் கவலைப்படுவாள். மூவாயிரம் பக்கம் இந்த வழக்கில் தாக்கல் ஆகியிருக்கிறது, வரைபடம், கடிதம், கடல் ஆழக் கணக்கு, மீன்வளத் துறையின் எதற்கும் உதவாத அறிக்கை. அதில் எங்கேயும் அந்த எண் இல்லை. அது இருக்கிற ஒரே இடம் அவன் மண்டை. எண்ணூற்று இருபத்திரண்டு.

வழக்கு என்னவோ எளிமையானதுதான். ஊர் டீக்கடையில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். லவேரா ஒரு தீவு, ஒரு நாடு, அய்யாவு பிறந்தது அங்கே. எதிரே மூன்று மைலில் மொரேல், இன்னொரு தீவு, இன்னொரு நாடு. இரண்டிலும் கரும்பு வெட்ட வந்த தமிழர்கள் தங்கிப் பெருகிவிட்டார்கள். இவர்கள் அதை அக்கரை என்பார்கள், அவர்கள் இதை அக்கரை என்பார்கள், பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றைக்கும் உண்டு. நடுவில் ஓடுகிற நீரிணைக்கு ஒரு உடன்படிக்கை. அதன் ஏழாவது பிரிவு, மற்ற நாட்டின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் யாரும் நானூறு மீட்டருக்கு மேல் கடலுக்குள் கல் போடக்கூடாது. மொரேல் போட்டது, துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு என்று. முதலில் அறுநூற்றுச் சொச்சம் மீட்டர், அடுத்த வருஷம் அதன்மேல் இன்னொரு முந்நூறு. நீரோட்டம் முகம் திருப்பிக்கொண்டது. வருஷா வருஷம் லவேராவின் நண்டுக்குடா ஊருக்கு வந்துசேர வேண்டிய மணல் வரவில்லை, வராததோடு இருந்த மணலும் கிளம்பிப் போனது. முப்பத்தேழு வீடு, இரண்டு தெரு, இடுகாட்டில் பாதி. உடன்படிக்கையை மீறினாய், மீறின அரசுதான் பொறுப்பு, கல்லை எடு, கரையைத் திருப்பிக் கொடு, இழப்புக்கு ஈடு செய் என்கிறது லவேரா. இதற்கு மொரேல் சொன்ன பதில்தான் அய்யாவுவை இந்த நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்தது. ஆமாம், நானூறு என்றுதான் எழுதியிருக்கிறது, ஆனால் உங்கள் உடன்படிக்கைப் பிரிவு அதிகாரியே வந்தார், கல்லின் மேல் நடந்தார், சிரித்தார், தன் கையால் தேங்காய் உடைத்தார், அதற்கப்புறம் இரண்டு வருஷம் உங்களிடமிருந்து ஒரு சொல் வரவில்லை, அதை நம்பித்தான் மேலே கட்டினோம், இப்போது வந்து கூடாது என்று சொல்ல உங்களுக்கு வாய் கிடையாது. முரண்தடை. ஒருமாதிரி நடந்துகொண்டு ஒருவனை நம்பவைத்து, நம்பினவன் காலை முன்னே வைத்த பிறகு, நான் அப்படி இல்லையே என்று பின்வாங்க முடியாது. மனிதனுக்கு மட்டும் இல்லை, நாடுகளுக்கும் அது உண்டு. நல்ல சட்டம். அய்யாவுவுக்கு அதன்மேல் எந்தக் குறையும் இல்லை. அவன் சட்டக் கல்லூரியில் படிக்கும்போது அதைப்பற்றித்தான் கட்டுரை எழுதி முதல் மதிப்பெண் வாங்கினான்.

அந்தக் கட்டுரையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் நடுவே மலை உச்சியில் ஒரு பழைய கோயில். யாருடையது என்று வழக்கு. வழக்குக்கு முப்பது வருஷத்துக்கு முன்னால் தாய்லாந்து இளவரசர் ஒருவர் அந்தக் கோயிலைப் பார்க்கப் போயிருந்தார், அங்கே அப்போது கம்போடியாவை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் அதிகாரி தங்கள் கொடியைப் பறக்கவிட்டு, வீட்டுக்காரன் விருந்தாளியை வரவேற்கிற மாதிரி வரவேற்றான், இளவரசர் ஒன்றும் சொல்லவில்லை. இதே ஹேக்கில் இதையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துத்தான் கோயில் கம்போடியாவுக்கு என்று தீர்ந்தது. இருபத்திரண்டு வயது அய்யாவு எழுதினான், ஒரே ஒரு வார்த்தை போதுமே, இளவரசர் ஏன் சொல்லவில்லை என்று. பக்கத்து ஓரத்தில் பேராசிரியர் சிவப்பு மையில் டிக் போட்டிருந்தார். ஏன் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு அன்றைக்கு வெயிலாக இருந்திருக்கும், மலையேறின களைப்பு, முன்னால் ஒருவன் சிரித்துக்கொண்டே எதையோ நீட்டுகிறான், பழரசமோ என்னவோ, வாங்கிக் குடித்திருப்பார். குடிக்கும்போது எப்படி ஆட்சேபிப்பது. வாய் ஒன்றுதானே இருக்கிறது.

அன்றைக்கும் வெயில். மொரேலில் அலைத்தடுப்பின் முதல் கட்டம் முடிந்தது, லவேராவிலிருந்து பார்வையாளராக ஒருவரை அனுப்புங்கள் என்று கடிதம் வந்திருந்தது. மேலே இருப்பவர்கள் போகத்தக்க பெரிய விஷயமில்லை என்று முப்பத்தைந்து வயது அய்யாவுவை அனுப்பினார்கள். படகுத்துறையில் பொறியாளர் வைரவன் வந்து நின்றார், மொரேல் துறைமுகத் துறைக்காரர், நல்ல உயரம், கையில் குடை. வாங்க தம்பி, எங்க ஊட்டுக்கு வர்ற மாதிரி வாங்க என்றார். கரையில் நீலத் தார்ப்பாய் போர்த்தி ஏழு கல் குவியல்கள். தாண்டி நடந்தார்கள். புதிதாகப் போட்ட கருங்கல்லின் மேல் சிமெண்டுப் பாதை, இரண்டு பக்கமும் கடல் தண்ணீர் கல்லிடுக்கில் புகுந்து வாய் கொப்புளிக்கிற சத்தம். வைரவன் தன் பெண்ணின் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார், அய்யாவு தலையை ஆட்டிக்கொண்டே நடந்தான், உள்ளே மணி உருண்டுகொண்டிருந்தது. அவனுடைய ஒரு காலடி என்பது முக்கால் மீட்டர். அது அவனுக்குத் தெரியும், ரொம்ப நாளாகவே தெரியும். ஐநூற்று முப்பத்துமூன்றில் நானூறு மீட்டர் முடிந்தது. முடிந்த இடத்தில் பாதை முடியவில்லை. ஐநூற்று முப்பத்துநாலு. அதை வைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, படி இல்லாத இடத்தில் படி என்று கால் வைத்த மாதிரி. ஒருவேளை எண்ணிக்கை தப்போ. தப்பாது. எழுநூறு. முன்னால் தூரத்தில் சாமியானா, நாற்காலிகள், மேளம். எண்ணூறு. அப்புறம் இருபத்திரண்டு. அங்கே ஒரு பிள்ளையாரை வைத்து மாலை போட்டிருந்தார்கள், பக்கத்தில் உடைப்பதற்கென்று ஒரு கல்லைக் கழுவி மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். குருக்கள் தேங்காயை எடுத்து வைரவனிடம் கொடுத்தார். வைரவன் அதைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அய்யாவு பக்கம் நீட்டினார். விருந்தாளி உடைக்கட்டும் என்றார்.

இதைத்தான் துவால் அம்மையாரிடம் விளக்க முடியவில்லை. லவேராவின் வழக்கறிஞர் அவர், பாரிஸில் படித்தவர், கெட்டிக்காரி, எதையும் இரண்டு தடவை கேட்பார். ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை. மன்னிக்கவும் என்று கைகூப்பியிருக்கலாமே. மறுபடியும் கேட்டார். ஏன். எப்படிச் சொல்வது அவரிடம், சாமி முன்னால் ஒருவர் கண்ணில் ஒற்றி நீட்டிய தேங்காயை யாரம்மா வேண்டாம் என்பார்கள், பகையாளி நீட்டினாலும் வாங்கி உடைத்துவிட்டுத்தான் பகையைப் பேசுவார்கள். மறுத்தால் அது வைரவனை மறுத்தது ஆகாது, பிள்ளையாரை மறுத்தது ஆகும், அந்தக் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்குக் கெடுதல் நினைத்தது ஆகும். நாற்பது ஐம்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆட்சேபம் எழுத்தில்தான் வேண்டும், ஊருக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் அவன் நினைத்தான். வாங்கினான். ஓங்கி ஒரே போடு. தேங்காய் கோடு கிழித்த மாதிரி இரண்டாகப் பிளந்தது, ஒரு சில்லு சிதறவில்லை, உள்ளே பார்த்தால் பூ. தாமரை மொக்கு மாதிரி வெள்ளையாக, உருண்டையாக. கூட்டம் கைதட்டியது. பூ விழுந்தால் நல்ல சகுனம். வைரவன் அவன் தோளைத் தட்டினார். அய்யாவு இரண்டு மூடியையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு சிரித்தான், அப்போதுதான் போட்டோ எடுத்தார்கள். வழக்குக் கோப்பில் அது இணைப்பு நாற்பத்துநாலு. பல் எல்லாம் தெரிகிறது. மரியாதைக்குச் சிரித்த சிரிப்பு என்று துவால் அம்மையார் எழுதியிருக்கிறார். அது பொய். அவனுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஒரே போடில் உடைத்தோமே என்று பெருமையாக இருந்தது. அந்த ஒரு நொடி நானூறும் இல்லை, ஏழாவது பிரிவும் இல்லை, நாடும் இல்லை. அப்படியானால் உடைத்தது யார் கை. அதிகாரியின் செயல் அரசின் செயல், அது அரசுப் பொறுப்பில் முதல் பாடம். கோப்பில் கையெழுத்துப் போடும்போது அது லவேராவின் கை, சரி. மூக்கைச் சொறியும்போது யார் கை. வாளி தூக்கும்போது, மகளுக்குச் சோறு ஊட்டும்போது அய்யாவுவின் கை. நடுவில் எங்கே மாறுகிறது, மணிக்கட்டிலா, முழங்கையிலா. தேங்காய் கையைவிட்டுக் கல்லை நோக்கிப் போன அந்த அரை நொடியில் அது யாருடையதாக இருந்தது. அவன் தன் வலது கையைப் பார்த்தான். கணப்பின் சூட்டில் சிவந்திருந்தது, நகத்தில் பேனா மை. சாதாரணக் கை. அதை எடுத்துக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

ஊருக்கு வந்து எழுதினான். எழுதாமல் இல்லை. ஏழாவது பிரிவின்படி என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம், நல்ல ஆட்சேபக் கடிதம், இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் ஒரு காற்புள்ளி மாற்ற வேண்டாம். மறுநாள் காலை மேலே அனுப்பலாம் என்று வைத்தான். மறுநாள் காலை பத்திரிகையில் அந்தப் போட்டோ. அமைச்சர் அலுவலகத்திலிருந்தே கூப்பிட்டு, நம்ம ஆளு என்னமா உடைச்சிருக்கான் பாரு என்று சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பின் மேல் எப்படிக் கடிதத்தைக் கொண்டுபோய் வைப்பது. அப்படி இருந்தால் அங்கேயே ஏன் பேசவில்லை என்று கேட்பார்களே. அடுத்த வாரம் என்று வைத்தான். அடுத்த வாரமும் அதே கேள்வி இன்னும் ஒரு வாரம் பெருத்து உட்கார்ந்திருந்தது. இழுப்பறையில் கடிதத்தின் மேல் வேறு காகிதம் விழுந்தது, அதன்மேல் வேறு. இரண்டு வருஷம். அனுப்பாத கடிதம் சட்டத்தில் காகிதம்கூட இல்லை. இதற்குள் எந்த அலை எந்த மணலை எடுத்தது என்று யார் சொல்வது. ஆனால் எடுத்தது. அன்றைக்குத் தேங்காயின் ஒரு மூடியை வைரவன் வாழையிலையில் சுற்றிப் பிரசாதம் என்று கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். படகு நண்டுக்குடாவில்தான் வந்து ஒதுங்கும், அக்கா பாக்கியம் கட்டிக்கொண்டு போனது அந்த ஊர்தான், அவளிடம் கொடுத்தான். நல்ல முத்தின காய்டா என்று அங்கேயே திருகிப் புளியும் மிளகாயும் வைத்துத் துவையல் அரைத்தாள். சுடுசோற்றோடு அவளும் மச்சானும் பிள்ளைகளும் அவனும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த அடுப்படியில்தான். நேற்று சாயங்காலம் போனில் அவள் அழவில்லை, புகார்கூடச் சொல்லவில்லை, கிணத்துத் தண்ணி உப்பா இருக்கு, குழம்புக்கு உப்பே போடறதில்ல, மிச்சம்தானே என்று சிரித்தாள். அலைச் சத்தம் இப்ப அடுப்படிக்குள்ளேயே கேக்குது தம்பி, பிள்ளைங்க காதுல பஞ்சு வெச்சிட்டுப் படிக்குதுங்க. நீ அங்க நல்லா தெளிவா பேசு. அவளுக்குத் தெரியாது அவன் என்ன பேச வேண்டியிருக்கிறது என்று. கல்லை எடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தால் அந்த அடுப்படி நிற்கும். வராவிட்டால் அடுத்த மழைக்கு முப்பத்தெட்டாவது வீடு அதுதான்.

பேச வேண்டியது ஒரே வரி. தெரியாதவனுடைய மௌனம் மௌனமே ஆகாது என்று துவால் அம்மையார் சொன்னார், அவர் வழக்கு முழுக்க அந்த வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. நீளம் தெரிந்திருந்து பேசாமல் இருந்தால் அது ஒப்புதல். தெரியாமல் தேங்காய் உடைத்தால் அது வெறும் பூஜை. உங்களுக்கு நீளம் தெரியாது, அப்படித்தானே என்று கேட்டார். நான் அளந்து பார்க்கவில்லை என்றான் அய்யாவு. அது உண்மை. நாடா பிடித்து அளக்கவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே தட்டச்சு செய்தார், பன்னிரண்டாவது பத்தி, அன்றைய தினம் அலைத்தடுப்பின் நீளத்தை நான் அறிந்திருக்கவில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். போடும்போது பேனா மை கசிந்தது. இப்போது உள்ளே போய் மாற்றிச் சொன்னால். ஒருமாதிரி நடந்துகொண்டு ஒருவரை நம்பவைத்து. அந்த அம்மையார் மூன்று வருஷ உழைப்பை அந்தப் பத்தியின் மேல் கட்டியிருக்கிறாரே, அவர் காலை முன்னே வைத்தாகிவிட்டதே. சட்டம் அவனையே சுற்றி வந்து கதவைச் சாத்தியது. மாற்றாமல் சொன்னால். சொல்லலாம். யார் கண்டது. மண்டைக்குள் இருப்பதை எந்த நடுவர் எட்டிப் பார்க்கப் போகிறார். தெரியாது, ஒரு சொல், மூன்று எழுத்துகூட முழுசாக இல்லை என்று எண்ணிப் பார்த்தான், நாலு இருந்தது. அதையும் எண்ணிவிட்டான். எண்ணாமல் ஒரு நாழிகை இருக்க முடியாத பிறவியா இது. ஒன்பது இருபத்தைந்து.

கதவு திறந்தது. அந்தப் பெண்தான், அவள் பின்னால் குனிந்து ஒரு ஆள், கழுத்தைச் சுற்றி மப்ளர், தலையில் காதுவரை இழுத்துவிட்ட குரங்குக் குல்லா, கையில் காகிதக் கோப்பையில் காப்பி. குல்லாவைக் கழற்றின பிறகுதான் வைரவன் என்று தெரிந்தது. முடி முழுக்க நரைத்துவிட்டிருந்தது. மொரேல் தரப்பின் அடுத்த சாட்சி அவர்தான், அவர்களுக்கு ஒதுக்கிய அறையில் கணப்பு வேலை செய்யவில்லையாம், வயதானவர், கொஞ்ச நேரம் இங்கே இருக்கட்டும், ஆனால் வழக்கைப் பற்றி நீங்கள் இருவரும் பேசக்கூடாது என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். வாசலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தன் காகிதங்களைப் பார்க்கத் தொடங்கினாள். வைரவன் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

"என்னா தம்பி சொல்றா?"

"வழக்கப் பத்திப் பேசக்கூடாதாம் அண்ணே."

"வழக்க எவன் பேசப் போறான், எனக்கென்ன சட்டமா தெரியும். தேங்காயப் பத்திப் பேசலாம்ல?"

அய்யாவுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தான், அவள் நிமிரவில்லை. வைரவன் காப்பியை ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். அன்றைக்குக் கல்யாணத்துக்கு நின்ற தன் மகளுக்கு இப்போது இரண்டு குழந்தை என்றார். தனக்கு நெஞ்சில் அறுவை நடந்ததாம், மூன்று இடத்தில் குழாய் அடைப்பு, துறைமுகம் கட்டினவனுக்கு உள்ளயே தூர் சேர்ந்துருச்சு என்றார். பாக்கியம் எப்படி இருக்கிறாள் என்று பெயர் சொல்லிக் கேட்டார். பிரசாதத்தை அக்காவிடம் கொடுத்தேன் என்று என்றைக்கோ ஒரு பண்டிகை வாழ்த்துக் கடிதத்தில் அய்யாவு எழுதியிருந்தான், அதை ஞாபகம் வைத்திருக்கிறார். நண்டுக்குடாவிலேயே இருக்கிறாள் என்றான். வைரவன் கோப்பையைக் கீழே வைத்தார். கணப்புக்கு நேரே இரண்டு உள்ளங்கையையும் காட்டினார். அந்தக் கைதான் தேங்காயை நீட்டியது. அய்யாவு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஆள்மேல் கோபம் வர வேண்டும் என்று ஒன்பது வருஷமாக முயன்றிருக்கிறான். வரவில்லை. இப்போதும் வராமல், எதிரே உட்கார்ந்து, அண்ணே, காப்பி ஆறிப்போகுது என்றான்.

"நீ அதையே நெனச்சிட்டுக் கெடக்கறியாம்ல. உங்க ஆபீஸ்ல இருக்கிற எங்க சொந்தக்காரரு ஒருத்தரு சொன்னாரு." வைரவன் குரலை இறக்கவில்லை, பண்டிகை விசாரிக்கிற அதே குரலில் பேசினார். "நீ ஒடைச்சதால நாங்க மேல கட்டுனோம்னு எழுதி வெச்சிருக்காங்க. நானும் படிச்சேன். நீ ஒடைக்காட்டியும் கட்டியிருப்போம் தம்பி. ரெண்டாங் கட்டத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது அந்தப் பூஜைக்கு ஒரு மாசம் முன்னாடி. நான்தான் போட்டேன். உன் தேங்காயப் பாத்தா கல்லு எறக்குனோம்?"

நீலத் தார்ப்பாய். ஏழு குவியல். முடிந்துபோன வேலைக்கு எதற்குக் கரையில் ஏழு குவியல் கல். அன்றைக்கே பார்த்தான், எண்ணினான், எண்ணினதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. இவர்கள் யாரையும் நம்பிக் கட்டவில்லை. நம்பாதவனுக்கு ஏது முரண்தடை, நம்பி ஏமாந்தவனுக்குத்தானே அந்தக் கதவு. தாக்கல் ஆனதில் ஒப்பந்தம் இல்லை, வேலையைத் தொடங்கச் சொன்ன உத்தரவு மட்டும்தான் இருந்தது, பூஜைக்கு எட்டு மாதம் பிந்திய தேதியோடு. மூவாயிரம் பக்கத்தில் அவனுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. வெளியே ட்ராம் மணி அடித்துக்கொண்டு போனது.

"அண்ணே, இத உள்ள சொல்லுவீங்களா?"

"நானா போயி எப்படிச் சொல்றது. எங்க நாட்டுச் சம்பளம் வாங்கித் தின்னவன்." வைரவன் குல்லாவை மடித்து மடித்து விரித்தார். "ஆனா சத்தியம் பண்ணிட்டு உக்காந்தப்புறம் கேட்டாங்கன்னா இல்லன்னு சொல்லமாட்டேன். கல்லப் பத்தி நான் பொய் சொன்னதில்ல. கேக்கணும். உங்காளுங்க என்கிட்ட அதக் கேக்கமாட்டாங்கன்னு எங்க வக்கீல் சொன்னாரு. உனக்கு நீளமே தெரியாதுன்னுட்டாங்களே, அதோட பேச்சு முடிஞ்சு போச்சுல்ல."

வாசலோரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். வைரவன் அவளிடம் காப்பிக் கோப்பையைத் தூக்கிக் காட்டி, வெரி குட் என்றார். அவள் புன்னகை செய்து, மற்ற அறையில் சூடு வந்துவிட்டதாம், வாருங்கள் என்று எழுந்தாள். வைரவன் எழும்போது நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை முயன்றார், அய்யாவு முழங்கையில் தாங்கி எழுப்பிவிட்டான். வர்றேன் தம்பி என்று போனார். கோப்பையை நாற்காலிக்கடியிலேயே விட்டுப் போயிருந்தார். ஒன்பது நாற்பது.

இருபது நிமிஷம். துவால் அம்மையாரிடம் ஓடிப்போய்ச் சொன்னால் எங்கிருந்து தெரிந்தது என்று கேட்பார், இரண்டு தடவை கேட்பார். எதிர்த்தரப்புச் சாட்சியோடு பேசினேன் என்றால் அவன் சாட்சியமே கெட்டது, கிழவரும் கெட்டார். தார்ப்பாயைப் பார்த்தேன் என்று சொல்லலாம், அது உண்மை, அவன் கண்ணால் கண்டது. ஆனால் தார்ப்பாயைச் சொன்னால் அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டுதான் நடந்தாய் என்று ஆகுமே. ஏழு குவியலை எண்ணினவனுக்கு நீளம் தெரியாதாம். பன்னிரண்டாவது பத்தி நிற்கிற வரை தார்ப்பாய்க்கு இடமில்லை. ஒன்றைப் பிடுங்கினால்தான் மற்றதை நட முடியும். பிடுங்கிவிட்டு, அதற்குப்பின் அவர்கள் கிழவரிடம் கேட்காமல் விட்டால். கேட்டு, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டால். அப்போது அடுப்படி போயிற்று, அதை அவன் வாயாலேயே கொடுத்ததாகும். பேசாமல் தெரியாது என்று சொல்லிவிட்டால் நாளைக்கே ஜெயிக்கலாம். ஜெயித்து அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சோறு சாப்பிடலாம், சாப்பிடும்போது ஒவ்வொரு வாயாக உள்ளே யாராவது எண்ணுவார்கள். அந்த ஆள் ஆறுதல் சொன்னாரா, வழி காட்டினாரா. நெஞ்சு அறுத்த மனிதர் குளிருக்கு ஒதுங்கி வந்தவர், அவர் அறையில் கணப்பு நிஜமாகவே கெட்டுப்போயிருந்ததா. மறுபடியும் ஒரு கை நீட்டுகிறது. மறுபடியும் அதே கை. அன்றைக்கு வாங்கினான். ஒன்பது ஐம்பத்தொன்று. இடது கால் மரத்திருந்தது. எழுந்தான், நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். யாரும் வரவில்லை. இரண்டு காலிலும் சூடு ஏறிற்று, அது பாட்டுக்கு ஏறிற்று, அவ்வளவு நேரம் எதற்கு ஒற்றைக் காலில் குளிரைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

கூப்பிட்டார்கள். அறையிலிருந்து சாட்சி மேசைக்கு அறுபத்தொன்பது காலடி. மூன்று நடுவர்கள், நடுவில் இருந்தவருக்குச் சளி, கைக்குட்டையை மடித்து வைத்திருந்தார். சத்தியம் செய்தான். துவால் அம்மையார் அவன் அறிக்கையை எடுத்துக் காட்டி இது உங்களுடையதுதானா என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார வேண்டியது. கேட்டார். பன்னிரண்டாவது பத்தி தவிர என்று சொல்ல வாயைத் திறந்தான், அதற்குள் நன்றி என்று உட்கார்ந்துவிட்டார். மொரேலின் வழக்கறிஞர் எழுந்தார். அதட்டுகிற ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தான், மெதுவாக, நோயாளியிடம் பேசுகிற மாதிரி பேசினார். திரையில் இணைப்பு நாற்பத்துநாலைப் போட்டார்கள். ஆளுயரத்துக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். இவர் நீங்கள்தானா. நான்தான். சந்தோஷமாக இருக்கிறீர்கள். ஆமாம், உள்ளே பூ இருந்தது. நடுவர் ஒருவர் புன்னகை செய்தார். அன்றைக்கு அந்தக் கட்டுமானத்தின் நீளம் உங்களுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். கரையிலிருந்து முனை வரை அதன்மேல் நடந்தவர் நீங்கள். அது நானூறு மீட்டருக்கு மேல் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாதா. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு கல் இடுக்கில் தண்ணீர் புகுந்து வெளியே வருகிற அளவு நேரம் இருந்தது. துவால் அம்மையார் அவனைப் பார்க்கவில்லை, குறிப்பு எழுதப் பேனாவை வைத்துக்கொண்டு தெரியாது என்ற சொல்லுக்குக் காத்திருந்தார்.

"தெரியும்" என்றான் அய்யாவு. "எண்ணூற்று இருபத்திரண்டு காலடி. நடக்கும்போது எண்ணினேன். ஐநூற்று முப்பத்துமூன்றிலேயே தெரியும். பன்னிரண்டாவது பத்தி தவறு, அதில் கையெழுத்துப் போட்டது என் தவறு. கரையில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஏழு கல் குவியல் இருந்தது, அதையும் எண்ணினேன்."

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். மொரேல் வழக்கறிஞருக்குத் தார்ப்பாய் காதில் விழவில்லை. தெரியும் என்பதைக் கேட்டதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது, போதும் என்று கையை விரித்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்தாகிவிட்டது. நடுவில் இருந்த நடுவர் சளியை உறிஞ்சினார். துவால் அம்மையாரின் பேனா காகிதத்தின் மேல் ஒரே இடத்தில் நின்றது, மை ஊறி வட்டமாகப் பரவியது. அடுப்படி, கிணறு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படிக்கிற பிள்ளைகள், எல்லாம் அந்த வட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தன. அவர் மெதுவாக எழுந்தார். மூன்று வருஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுகிற மாதிரி எழுந்தார். கோபப்படுவார் என்று நினைத்தான். அவர் கேட்டார், அந்தக் குவியல்களைப் பற்றி எதற்காகச் சொன்னீர்கள். அவன் பதில் சொல்வதற்குள் இன்னொரு தடவை கேட்டார், எதற்காக.

அய்யாவு நாற்காலியில் முழுக்கச் சாய்ந்துவிட்டிருந்தான். கோட்டின் முதுகு கசங்குவது தெரிந்தது. உள்ளே மணி உருள்கிறதா என்று ஒரு கணம் காது கொடுத்தான், இல்லை.

"முடிந்துபோன வேலைக்கு யாரும் கல் வாங்கி வைப்பதில்லை" என்றான். "எனக்கு அடுத்து வருகிற சாட்சி பொறியாளர். இரண்டாம் கட்டத்துக்கு என்றைக்குக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று அவரிடம் ஒரு தேதி மட்டும் கேளுங்கள். கேட்டால் சொல்வார்."